கேன்சல் கார்டை எப்போது போட வேண்டும்? கம்ப்யூட்டர் சீட்டாட்டத்தில் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலோர் முதலில் தொட்டுப் பார்ப்பது கேம்ஸ்தான். மவுஸ் பிடித்துப் பழக சாலிடேர் போன்ற நல்ல வாத்தியார் கிடையாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பின், காவேரிப்பாக்கம் வீட்டில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். சாலிடேர் சலித்த சமயத்தில், ஆம்பூரில் பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் வேறொரு சீட்டாட்டத்தை இன்ஸ்டால் செய்து கொடுத்தான். அதன் பெயர் மேஜிக்: தி கேதரிங் அரினா. அவன் ஆம்பூரில் இருந்தும் நான் இங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக ஆடலாம். ஞாயிறு இரவு எட்டு மணி ஆனால் இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிடும்.

இந்த ஆட்டத்தில் எதிராளி போடும் கார்டை ரத்து செய்ய ஒரு கார்டு இருக்கிறது. அதன் பெயரே கேன்சல். அதை எந்த நேரத்தில் போட வேண்டும் என்பது தெரியாமல் நான் 1,800 ரூபாயை வீணாக்கினேன். மருமகனோடு சண்டையும் போட்டேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம். ஆட்டம் ஆடாதவர்களும் படிக்கலாம். கம்ப்யூட்டரில் எதை எப்போது கேன்சல் செய்ய முடியும் என்ற பெரிய விஷயம் இதற்குள் இருக்கிறது.

இது என்ன ஆட்டம்?

மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனம் 1993ல் இதனை அட்டைச் சீட்டுகளாக வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான அரினா பதிப்பு 2019ல் முழுமையாக வெளிவந்தது. இலவசமாக டவுன்லோட் செய்திடலாம்.

நீங்களும் எதிராளியும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளியை பூஜ்யம் ஆக்கினால் வெற்றி. லேண்ட் என்ற நிலக் கார்டுகள் மானா என்ற சக்தியைத் தரும். அந்த மானாவைச் செலவழித்துத்தான் மற்ற கார்டுகளைப் போட வேண்டும். ஒரு லேண்டைப் பயன்படுத்தியதும் அது பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அடுத்த முறை உங்கள் ஆட்டம் தொடங்கும்போதுதான் நிமிரும்.

நம் ஊர் கழுதை ஆட்டத்தில் வெட்டு உண்டு அல்லவா? இறக்கிய இனம் கையில் இல்லாவிட்டால் வேறு இனம் போட்டு வெட்டுகிறோம். ஆனால் நம் முறை வரும்போதுதான் வெட்ட முடியும். மேஜிக் ஆட்டத்தில் எதிராளியின் முறை நடக்கும்போதே குறுக்கே புகலாம். அப்படிப் புகக்கூடிய கார்டுகளில் முக்கியமானவை இன்ஸ்டன்ட் எனப்படும். கேன்சல் ஒரு இன்ஸ்டன்ட். அதற்கு மூன்று மானா வேண்டும். அதில் இரண்டு நீல நிற மானாவாக இருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

என் கையில் கேன்சல் கார்டு இருக்கும். மருமகன் பெரிய டிராகன் ஒன்றை இறக்குவான். நான் பாய்ந்து போய் கேன்சல் கார்டை கிளிக் செய்வேன். ஒன்றும் நடக்காது. டிராகன் வந்து மேஜையில் உட்கார்ந்துவிடும். மறுபடி கிளிக் செய்வேன். அசையாது.

மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு கடையில் கேட்டபோது, மெமரி போதாது என்று சொல்லி 1,800 ரூபாய்க்குப் புதிய ராம் போட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதை. அன்று இரவு போனில், "நீ ஏதோ திருட்டு சாப்ட்வேர் போட்டு ஆடுறடா" என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டான். இரண்டு ஞாயிறு அவன் ஆட்டத்துக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் அக்காவோடு பஸ் ஏறி அவனே நேரில் வந்தான். என்னை ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். என்னிடம் ஐந்து லேண்ட் இருந்தது. என் முறையில் நான்கு மானா செலவழித்து ஒரு மிருகத்தை இறக்கினேன். அவன் சிரித்தான்.

"இன்னா மாமா, இத்தினி வருஷம் கணக்கு எழுதினீங்க. கையில மீதி எவ்ளோன்னு பாக்க மாட்டீங்களா?"

மீதி ஒரே ஒரு மானா. கேன்சல் கார்டுக்கு வேண்டியது மூன்று. என் மிருகத்தை என் முறையிலேயே இறக்கி மானாவைக் காலி செய்துவிட்டேன். பதில் கொடுக்க என்னிடம் வழி இல்லை என்று அரினாவுக்குத் தெரியும். ஆகவே அது என்னிடம் கேட்காமலே ஆட்டத்தை நகர்த்திவிடுகிறது. மவுஸ் மீதும் தவறு இல்லை, மெமரி மீதும் இல்லை, மருமகன் மீதும் இல்லை.

ஆகவே முதல் பாடம் இது. ரத்து செய்யும் கார்டு கையில் இருந்தால், அதற்கு வேண்டிய லேண்ட்களை உங்கள் முறையில் தொடாமல் நிறுத்தி வையுங்கள்.

ஸ்டாக் என்றால் என்ன?

என் மேஜையில் பழைய பில் குத்தும் கம்பி ஒன்று உண்டு. கணக்கு எழுதிய நாட்களின் நினைவாக வைத்திருக்கிறேன். மருமகன் அதை எடுத்து, மூன்று துண்டுக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தினான். "இப்ப எது முதல்ல வெளிய வரும்?" என்று கேட்டான். மேலே இருப்பதுதான். கடைசியாகக் குத்தியதை எடுக்காமல் அடியில் உள்ளதை எடுக்க முடியாது.

இதற்குப் பெயர் ஸ்டாக். கடைசியில் வந்தது முதலில் போகும் என்பதே அதன் விதி. கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் இந்த முறை பயன்படுகிறது. மேஜிக் ஆட்டத்துக்கு இது 1999ல் ஆறாம் பதிப்பு விதிகளோடு வந்தது. அதற்கு முன் ரத்து செய்யும் கார்டுகளை இன்டரப்ட் என்று தனி வகையாக வைத்து, அவற்றுக்குத் தனி வேகமும் தனி விதியும் கொடுத்திருந்தார்கள். ஸ்டாக் வந்தபின் அந்த வகை நீக்கப்பட்டது. அதில் இருந்த ரத்து கார்டுகள் இன்ஸ்டன்ட் ஆகிவிட்டன.

ஒரு மந்திரக் கார்டைப் போட்டதும் அது உடனே பலிக்காது. முதலில் ஸ்டாக்கில் ஏறிக் காத்திருக்கும். அப்போது இரண்டு பேருக்கும் பதில் கொடுக்க வாய்ப்பு வரும். இருவரும் அடுத்தடுத்து "வேண்டாம்" என்று விட்டால்தான் மேலே உள்ள கார்டு பலிக்கும். இந்தக் காத்திருக்கும் நேரமே நமக்குள்ள வாய்ப்பு.

மறக்கக்கூடாத ஆறு விதிகள்

1. காத்திருப்பதை மட்டுமே ரத்து செய்யலாம்.
டிராகன் ஸ்டாக்கில் இருக்கும்போது கேன்சல் வேலை செய்யும். மேஜைக்கு வந்து உட்கார்ந்தபின் வேலை செய்யாது. அப்போது அதைக் கொல்லவோ கைக்குத் திருப்பி அனுப்பவோ வேறு கார்டு வேண்டும். எங்கள் காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் ஏரியில் இருக்கும்வரைதான் மதகை அடைக்க முடியும். வயலுக்குப் பாய்ந்த தண்ணீரை மதகை அடைத்துத் திரும்பப் பெற முடியாது.

2. கடைசியில் வந்தது முதலில் பலிக்கும்.
உங்களிடம் 2 தாக்கும் பலமும் 2 தாங்கும் பலமும் உள்ள ஒரு கரடி இருக்கிறது. எதிராளி ஷாக் என்ற கார்டால் அதற்கு 2 புள்ளி சேதம் கொடுக்க முயல்கிறார். நீங்கள் பதிலாக ஜயண்ட் குரோத் போடுகிறீர்கள். அது அந்த முறை முடியும்வரை கரடிக்கு 3 பலம் கூட்டும். மேலே இருப்பது ஜயண்ட் குரோத். எனவே கரடி முதலில் 5 பலம் பெறுகிறது. பிறகு வரும் 2 சேதத்தைத் தாங்கிக் கொள்கிறது.
இப்போது வரிசையை மாற்றுங்கள். நீங்கள் அவசரப்பட்டு ஜயண்ட் குரோத்தை முதலில் போடுகிறீர்கள். எதிராளி பதிலாக ஷாக் போடுகிறார். ஷாக் மேலே இருப்பதால் முதலில் பலிக்கிறது. கரடி செத்துவிட்டது. ஜயண்ட் குரோத்துக்கு இலக்கு இல்லை, அதுவும் வீண். அதே இரண்டு கார்டுகள்தான். யார் பொறுத்திருந்தார் என்பதே வேறுபாடு.

3. ரத்து செய்வதையும் ரத்து செய்யலாம்.
நீங்கள் ஒரு மிருகத்தைப் போடுகிறீர்கள். எதிராளி கேன்சல் போடுகிறார். நீங்கள் அந்தக் கேன்சல் மீது இன்னொரு கேன்சல் போடலாம். உங்கள் கேன்சல் மேலே இருப்பதால் முதலில் பலித்து, அவருடைய கேன்சலை அழிக்கும். அடியில் காத்திருந்த உங்கள் மிருகம் பத்திரமாக மேஜைக்கு வரும். மேலும், ஒரு கார்டு பலித்தபின் ஸ்டாக் மொத்தமும் கடகடவென்று காலியாகாது. ஒவ்வொன்று பலித்தபின்னும் மீண்டும் வாய்ப்பு கிடைக்கும்.

4. கொடுத்த மானா திரும்பாது.
ரத்தான கார்டு குப்பைக் குவியலுக்குப் போய்விடும். அதற்குச் செலவழித்த மானாவும் போனதுதான். ஆகவே எதிராளி அதிக மானா கொட்டிப் போடும் கார்டை ரத்து செய்வதே லாபம். சின்ன கார்டுகளுக்கெல்லாம் கேன்சலை வீணாக்க வேண்டாம்.

5. எல்லாமே ஸ்டாக்கில் ஏறாது.
லேண்ட் போடுவது ஸ்டாக்கில் ஏறாது. லேண்டைத் திருப்பி மானா எடுப்பதும் ஏறாது. இவற்றை கேன்சலால் தடுக்க முடியாது. சில கார்டுகளில், இதனை ரத்து செய்ய முடியாது என்றே அச்சிட்டிருக்கும். அதன் மீது கேன்சல் போடுவதை ஆட்டம் தடுக்காது. ஆனால் பலன் இருக்காது. ரத்து கார்டுகளிலும் வகை உண்டு. நிகேட் என்ற கார்டு மிருகம் அல்லாத மந்திரங்களை மட்டும் தடுக்கும். எசன்ஸ் ஸ்கேட்டர் மிருகங்களை மட்டும் தடுக்கும். கார்டில் உள்ளதைப் படித்த பின் கிளிக் செய்திடுங்கள்.

6. கார்டு வேறு, கார்டின் சக்தி வேறு.
மேஜையில் இருக்கும் ஒரு மந்திரவாதிக் கார்டு தன்னைத் திருப்பி உங்களுக்கு 1 சேதம் கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தச் சக்தி ஸ்டாக்கில் ஏறியபின் மந்திரவாதியைக் கொன்றாலும் சேதம் வந்தே தீரும். எறிந்த கல், எறிந்தவன் போனாலும் வந்து விழும் அல்லவா? அதைப் போலத்தான். கேன்சல் கார்டு மந்திரங்களைத்தான் தடுக்கும், இத்தகைய சக்திகளை அல்ல. சக்தியைத் தடுக்க ஸ்டைபிள் போன்ற தனிக் கார்டுகள் இருக்கின்றன.

கீ போர்டில் கவனிக்க வேண்டியவை

விதி தெரிந்தாலும் விரல் அவசரப்பட்டால் வாய்ப்பு போய்விடும். அரினாவில் பின்வரும் கீகளை நினைவில் வையுங்கள்.

ஸ்பேஸ் பார்: வலது கீழ்மூலையில் உள்ள பட்டனை அழுத்துவதற்குச் சமம். எதிராளியின் கார்டு ஸ்டாக்கில் இருக்கும்போது இதைத் தட்டினால், அந்தக் கார்டு பலிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததாகப் பொருள். படிக்காமல் ஓகே கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

என்டர்: இந்த முறையை விட்டுவிடுகிறேன் என்று பொருள். எதிராளி ஏதாவது செய்தால் மட்டும் நிற்கும்.

ஷிப்ட் அழுத்திக்கொண்டு என்டர்: எதிராளி என்ன செய்தாலும் நிற்காமல் முறையைக் கடந்துவிடும். கையில் ரத்து கார்டு இருக்கும்போது இதைத் தொடவே வேண்டாம்.

கண்ட்ரோல்: முழுக் கட்டுப்பாடு. சாதாரணமாக, நீங்களே ஒரு கார்டைப் போட்டதும் அரினா உங்கள் வாய்ப்பை எதிராளிக்குத் தள்ளிவிடும். உங்கள் கார்டுக்கு மேல் நீங்களே இன்னொன்றைப் போட விரும்பினால் முதலில் கண்ட்ரோலைத் தட்டுங்கள். ஷிப்ட், கண்ட்ரோல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இது நிலையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிறு அடிக்கும் ஆட்டம் நின்று கேட்கும். புதியவர்களுக்கு அலுப்பாக இருக்கும்.

இன்னொரு குறிப்பு. எதிராளியின் ஆட்டம் காரணமில்லாமல் ஒரு நொடி நின்றால், அவர் கையில் பதில் கார்டு இருக்கலாம். யோசிக்க அதிக நேரம் எடுத்தால் திரையில் கயிறு ஒன்று எரியத் தொடங்கும். அது முடிவதற்குள் முடிவு செய்திட வேண்டும்.

ஆட்டம் இலவசம் என்றாலும் உள்ளே கார்டு பாக்கெட்டுகளைப் பணம் வாங்கி விற்கும் கடை இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் ஆடினால், உங்கள் கிரெடிட் கார்டு எண்ணை அதில் பதிந்து வைக்காதீர்கள்.

யு-கி-ஓ ஆட்டத்தில் எப்படி?

கசுகி தகாஹாஷி வரைந்த ஜப்பானியப் படக்கதையில் இருந்து பிறந்தது யு-கி-ஓ சீட்டாட்டம். கொனாமி நிறுவனம் இதன் கார்டுகளை 1999ல் ஜப்பானில் வெளியிட்டது. மாஸ்டர் டூயல் என்ற கம்ப்யூட்டர் பதிப்பு 2022ல் வந்தது. இதுவும் இலவசம்.

இதில் ஸ்டாக்குக்குப் பதில் செயின், அதாவது சங்கிலி. இங்கும் கடைசிக் கண்ணிதான் முதலில் பலிக்கும். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, சங்கிலி பலிக்கத் தொடங்கிவிட்டால் நடுவில் புதிய கண்ணி சேர்க்க முடியாது. இரண்டு, கார்டுகளுக்கு 1, 2, 3 என்று வேக எண் உண்டு. வேகம் 1 உள்ளது எதற்கும் பதிலாக வர முடியாது. கவுண்ட்டர் டிராப் வகைக்கு வேகம் 3. அதற்குப் பதில் கொடுக்க இன்னொரு வேகம் 3 கார்டால்தான் முடியும்.

இந்த ஆட்டத்தில் புதியவர்கள் செய்யும் புகழ்பெற்ற தவறு ஒன்று உண்டு. மிஸ்டிகல் ஸ்பேஸ் டைபூன் என்ற கார்டு எதிராளியின் மந்திரக் கார்டு அல்லது பொறிக் கார்டை அழிக்கும். எதிராளி ஒரு சாதாரணப் பொறியை இயக்கியதும் இதைப் போட்டு, பொறி ரத்தாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகாது. அட்டை அழியும், இயக்கிய பலன் நடக்கும். மேலே சொன்ன ஆறாம் விதியேதான் இது. அழிப்பது வேறு, ரத்து செய்வது வேறு.

மாஸ்டர் டூயலில் பதில் கேட்கும் வசதியை ஆட்டோ, ஆன், ஆப் என்று மாற்றலாம். ஆப்பில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை என்று என்னைப் போலக் கடைக்குப் போகாதீர்கள்.

ஆட்டத்துக்கு வெளியே

இந்தப் பாடத்தைப் படித்தபின் என் கம்ப்யூட்டரில் கேன்சல் என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான். அது இன்னும் காத்திருக்கிறதா, அல்லது முடிந்துவிட்டதா?

வேர்டில் கண்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது முதலில் நீங்கும். இதுவும் பில் குத்தும் கம்பிதான்.

பிரிண்டர் வேறு மாதிரி. அங்கே ரேஷன் கடை வரிசை போல முதலில் அனுப்பியது முதலில் அச்சாகும். திரையின் வலது கீழ்மூலையில் உள்ள பிரிண்டர் ஐகானில் டபுள் கிளிக் செய்து, தேவையில்லாத பைலில் ரைட் கிளிக் செய்து கேன்சல் கொடுக்கலாம். பிரிண்டரின் மெமரிக்குப் போய்விட்ட ஒன்றிரண்டு பக்கங்கள் மட்டும் அச்சாகி வரக்கூடும்.

ஜிமெயிலில் மெயில் அனுப்பியபின் அன்டூ கொடுக்கச் சில நொடிகள் உண்டு. முதலில் இது 5 நொடியாக இருக்கும். செட்டிங்ஸ் பகுதியில் ஜெனரல் டேபில் அன்டூ சென்ட் என்ற இடத்தில் 30 நொடியாக மாற்றி, சேவ் செய்திடுங்கள். இன்றே செய்திட வேண்டிய வேலை இது. இங்கே மெயில் போய்த் திரும்புவதில்லை. அந்த 30 நொடியும் அனுப்பாமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

யுபிஐ மூலம் பின் எண் போட்டுப் பணம் போய்விட்டால் கேன்சல் பட்டனே கிடையாது. வாங்கியவர் திருப்பித் தர வேண்டும், அல்லது வங்கியில் புகார் செய்திட வேண்டும். அங்கே நமக்குள்ள ஒரே வாய்ப்பு, பின் எண் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படிக்கும் அந்த நேரம்தான்.

மருமகனைத் திருடன் என்று சொன்ன வார்த்தைக்கும் அன்டூ இல்லை. அது ஆம்பூர் போய்ச் சேர்ந்து பலித்துவிட்டது. வேறு கார்டுதான் போட வேண்டியிருந்தது. அன்று அவன் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, "தப்பு என் மேலதான்டா மாப்ளே" என்று சொன்னேன். "பரவால்ல மாமா, ஞாயித்துக்கிழமை மூணு லேண்ட் நிறுத்தி வையுங்க" என்றான்.

நிறுத்தி வைத்தேன். டிராகன் ஸ்டாக்கில் ஏறியது. ஆட்டம் நின்று என்னைக் கேட்டது. கேன்சலை கிளிக் செய்தேன். டிராகன் குப்பைக்குப் போனது. அந்த ஆட்டத்தில் நான்தான் தோற்றேன் என்பது வேறு விஷயம். நீங்களும் மூன்று லேண்ட் நிறுத்தி வைத்து ஆடிப் பாருங்கள்.